குப்பை மேட்டு ஜோதி

கண்ணே, மணியே என்று தொடங்கப் போவதில்லை. அப்படியெல்லாம் உன்னை நான் கூப்பிட்டதில்லை என்பது உனக்கே தெரியும். இதை ஊரறிய எழுதுவதற்கான காரணமும் உன் பக்கமே இருக்கிறது. உனக்கு வரும் கடிதங்களை உங்கள் குடியிருப்பின் பொறுப்பாளர் முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருகிறார் என்று நீயே போனில் சொன்னாய், அது ஏதோ கூடுதல் வசதி என்பது போல. முன்பின் தெரியாத ஒருவர் படிக்கலாம் என்றால், முன்பின் தெரியாத பலர் படிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளையை ஒரு குருவின் பெயரால் கடல் கடந்து அனுப்பிவிட்டு, தெருவில் பெருமையாகவும் சமையலறையில் வேறு மாதிரியும் நடமாடும் பெற்றோர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ என்னிடம் கேட்டிருப்பது ஒரு வாக்கியம். அடுத்த மாதம் தலைமை ஆசிரமத்தில் உனக்குத் துறவு தீட்சை. அதற்கு முன் நான் ஒரு கேமராவின் முன்னால் உட்கார்ந்து, "என் மகனை மனமுவந்து கொடுத்தேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். தாய் சொல்லாவிட்டால் காவி கிடையாது. இப்போது உடுத்தும் மஞ்சளிலேயே நீ நிற்க வேண்டியதுதான். தியானத்துக்கு ஒரு செயலி, காணிக்கைக்கு ஒரு செயலி, குருவின் காலைக் கழுவுவதற்குக்கூட இணையத்தில் முன்பதிவு என்று வைத்திருக்கும் உங்கள் அமைப்பு, பழைய மரபில் இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விழாவில் பெரிய திரையில் தாய்மார்கள் வரிசையாக அழுதுகொண்டே சொன்னால் பார்க்க உருக்கமாக இருக்குமல்லவா.

போன புதன்கிழமை உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் இந்த வட்டாரத்தின் ஒருங்கிணைப்பாளர். முன்பு மனை விற்றவராம். பேச்சில் இன்னும் அந்த மணம் போகவில்லை. கூட ஒரு பெண்மணி, பளபளவென்று தாள் சுற்றிய பழத்தட்டோடு. அந்த அம்மாள்தான் தொடங்கினார். "உங்க கருவறைதாம்மா அவருக்கு முதல் கோயில்." நான், "கோயில்லாம் இல்லீங்க, சிசேரியன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, "எங்கிட்ட யாரும் சம்மதம் கேக்க மாட்டீங்களா?" என்றார். ஒருங்கிணைப்பாளர் பணிவாக, "மரபுல தாயார் மட்டும்தாங்க ஐயா" என்றார். "அப்ப நான் இன்னா, இந்த வீட்ல வாடகைக்கு இருக்கறவனா? இஞ்சினீரிங் காலேஜுக்கு அலைஞ்சப்ப மட்டும் மரபு எங்க போச்சு?" உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார். யாரும் கேட்காததுதான் அவர் வருத்தம். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஜன்னல் திரையை விலக்கி, "வெளிச்சம் நல்லா கீது, இப்பவே எடுத்துடலாம்மா. ஒரே நிமிஷ வேல. முகத்துல மட்டும் கொஞ்சம் சந்தோஷம் வெச்சிக்கோங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க இன்னாம்மா இருக்குது?" "அதத்தாங்க யோசிக்கணும்." பழத்தட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

யோசித்தேன். நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்பதிலிருந்து தொடங்கினேன். ஜெர்மனியின் வடக்கில், தரை மேசை போலத் தட்டையாகக் கிடக்கும் ஓர் ஊர். அதில் ஒரு வாடகைக் குடியிருப்பு. உன் வயதுப் பையன்கள் நான்கு பேர், மேலே ஒரு பொறுப்பாளர். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். வெந்நீர் வந்தாலும் திறக்கக் கூடாது, ஏனென்றால் குரு இளமையில் ஆற்றில் குளித்தாராம். குரு குளித்த ஆறு உறையாது என்பதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. பிறகு பஜனை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை. பிறகு சிவப்புப் பருப்பில் ஒரு சாம்பார். அதற்கு நீதான் சமையல், இங்கே இருந்தவரை ஒரு தட்டைக் கழுவாத நீ. பத்து மணிக்கு ரயில் நிலைய வாசலில் மடக்கு மேசையை விரித்துக் குருவின் புத்தகங்களை அடுக்கி, வேலைக்கு ஓடுகிற மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பது. தனியாக எங்கும் போகக் கூடாது. பால் வாங்கவும் ஜோடிதான், முடி வெட்டவும் ஜோடிதான். ஒருவன் மனம் தளர்ந்தால் மற்றவன் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் மொழியில் சகோதர அன்பு என்று பெயர். நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் விடுதியிலும் இதைச் செய்யும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வேறு.

இந்தத் திருவண்ணாமலையில் பிறந்த உனக்கு ஆள் பிடிக்கிற அந்த வேலை எப்படி வந்தது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. இங்கே மலை தன் பாட்டுக்கு நிற்கிறது. வருகிறவன் வருகிறான். பௌர்ணமிக்கு லட்சம் பேர் நடக்கிறார்கள். முட்டி வலியோடும் கைக்குழந்தையோடும் நடக்கிற அந்தப் பெண்களில் ஒருத்திகூட இன்றுவரை என் கையைப் பிடித்து நீயும் வா என்று இழுத்ததில்லை. நான் வேதியியல் கற்பிப்பவள், கோயிலுக்குள் போய் வருஷக்கணக்கு ஆகிறது. அதற்காக அவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்ததும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு நடக்கிறார்கள், நான் பாட்டுக்கு மாடியில் துணி காயப்போடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிறவர் போகிறவரை மறித்து, "சார் ரூமு, சார் ரூமு, வெந்நீர் கீது சார்" என்கிறவர்கள் லாட்ஜ் தரகர்கள் மட்டும்தான். நீ செய்வது அதுதான், வெந்நீர் இல்லாமல்.

உன் பேச்சும் போய்விட்டது. "இன்னாம்மா பண்ற, சாப்ட்டியா?" என்று கேட்கிற பையன் ஒருவன் எனக்கு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் போன் அனுமதிக்கப்படும்போது இப்போது ஒரு குரல் "தாயே, நலமாக இருக்கிறீர்களா" என்கிறது, மொழிமாற்றுப் படத்தில் வருகிற முனிவரைப் போல. மழை பெய்ததா என்று கேட்டால் அருளால் பெய்தது. ஜலதோஷம் போய்விட்டதா என்றால் அருளால் போய்விட்டது. வந்ததும் அருளாலா என்று கேட்டேன். அங்கே ஒரு மலை கிடைத்துவிட்டது, பௌர்ணமிக்கு ஜனங்களைக் கிரிவலம் கூட்டிப்போகிறோம் என்று நீ குதூகலித்த நாளில்கூட, பனிக்காலத்தில் வெறுங்காலா என்று நான் கேட்டதற்கு, காலுறை போட்டுக்கொள்ளத் தலைமை ஆசிரமத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது என்றாய். காலுக்கு ஒரு துணி சுற்றக் கடல் தாண்டி அனுமதி கேட்கிறவன் எதைத் துறக்கப் போகிறான்? துறப்பதற்குச் சொந்தமாக ஏதாவது வேண்டும் அல்லவா.

இந்த மாதிரிக் கடிதங்களில் இந்த இடத்தில் பெற்றவர்கள் தங்கள் தவறுகளை ஒப்புக்கொள்வது வழக்கம். நானும் தேடிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் உள்ள தவறுகள்தான் இருந்தன. அவற்றின் காரணமாக ஒருவன் சாமியாராவான் என்றால் தமிழ்நாட்டில் வேறு தொழிலே நடக்காது.

ஹெல்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் மடக்கு மேசையின் முன் நின்ற மிகச் சிலரில் ஒருத்தி, ஓய்வுபெற்ற நர்ஸ். நீ அவளுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்லி, தங்க இடம் வேண்டுமென்றால் என் அம்மா இருக்கிறாள் என்று நம் வீட்டு விலாசத்தையே கொடுத்தாய். அவளும் உங்கள் வகுப்புக்குச் சில வாரம் வந்து பார்த்துவிட்டு, பேச்சு அதிகமாக இருக்கிறது என்று விமானம் ஏறிவிட்டாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நம் மாடியில்தான் இருக்கிறாள். காலையில் மலையைப் பார்த்து உட்காருகிறாள், மாலையில் மார்க்கெட்டுக்குப் போய், "மொளகா ஜாஸ்தி வேணாம், கம்மி, கம்மி" என்று கத்தரிக்காய்க்காரம்மாவோடு மல்லுக்கட்டுகிறாள். அந்தம்மா, "காய்ல ஏதும்மா மொளகா?" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். இதுவரை நீ வென்ற ஒரே ஆத்மா இவள்தான், அவளும் உங்களிடமிருந்து தப்பி என்னிடம் வந்திருக்கிறாள். உன்னைப் பற்றி அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நீ தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாயாம். உன் ஊர் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதற்கு, குருவை மறந்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிப்பது எப்படி என்று அரைமணி நேரம் சொன்னாயாம். அதைக் கேட்டுத்தான் இந்த ஊருக்கு வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாம். உன் மதப்பிரசாரத்தில் வேலை செய்தது அந்தப் பகுதி மட்டும்தான்.

சென்ற வாரம் உங்கள் அமைப்பு அனுப்பிய காணொளியை அவளிடம் காட்டினேன். கார்த்திகை தீபத்தன்று எடுத்தது. புல் மூடிய ஒரு மேடு, பனி, கம்பளி போர்த்துக்கொண்டு அதைச் சுற்றி நடக்கும் மனிதர்கள், முன்னால் நீ. மேட்டைச் சுற்றி எட்டுத் திசையிலும் முழங்கால் உயரத்தில் எட்டு லிங்கங்கள், விபூதிப் பட்டையும் குங்குமமும் மாலையுமாக. ஒரு லிங்கத்துக்கு நீ கற்பூரம் காட்டுகிறாய். அதன் உச்சியிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு சுடர் எழும்புகிறது. ஜனங்கள் மண்டியிடுகிறார்கள், ஒரு பெண் கதறி அழுகிறாள். அண்ணாமலையார் ஜோதியாக எழுந்தருளினார் என்று கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடுகிறது. ஹெல்கா போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் முறையும் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் கீழே இருந்த உன் அப்பா மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

அது மலை இல்லை. அந்த ஊரின் பழைய குப்பைக் கிடங்கு. ஹெல்கா சின்னவளாக இருந்தபோது ஊர்க் குப்பை முழுவதும் அங்கேதான் போனதாம், அவள் வீட்டு உடைந்த சோபா உட்பட. நிரம்பிய பிறகு மண்ணைப் போட்டு மூடிப் புல் வளர்த்துவிட்டார்கள், பின்னால் குடிவந்தவர்களுக்கு அது வெறும் மேடுதானாம். உள்ளே அழுகுகிற குப்பையிலிருந்து வரும் வாயு வெளியேற அங்கங்கே குழாய் நட்டிருக்கிறார்கள். நீ விபூதி பூசி, மாலை போட்டு, அஷ்டலிங்கமாக்கியவை அந்தக் குழாய்கள். இந்திரலிங்கம், அக்கினிலிங்கம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கும்பிட்டது ஒரு ஊரின் அழுகிய உருளைக்கிழங்கை. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய திருவண்ணாமலைக்காரன் ஒருவனால்தான் இப்படிப்பட்ட தவறைச் செய்ய முடியும். தட்டையான ஊரில் ஒரு மேடும் அதைச் சுற்றிக் குட்டையாக எட்டுக் குழாயும் கண்டால், வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. அதுவரை நான் கோபப்படவில்லை. உன் அப்பா, "இன்னா செய்வான், பழக்கதோசம்" என்றார். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ கூப்பிட்டபோது கேட்டேன். நமக்குள் நடந்த பேச்சை இங்கே அப்படியே எழுதுகிறேன், நான் திரித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

"அந்த மேடு இன்னா மேடுனு தெரியுமாடா?"

"தெரியும்மா" என்றாய்.

"எப்பலேர்ந்து?"

"தீபம் முடிஞ்சி ரெண்டாம் நாளு நகராட்சிக்காரங்க வந்துட்டாங்க. குழாய் மேல பூ வெக்காதீங்க, அடைச்சிக்கும், நெருப்பு காட்டவே காட்டாதீங்கனு சொன்னாங்க."

"அந்தச் சுடரு?"

"மீத்தேன்மா. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்டா. அங்க அழுதாங்களே, அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படிம்மா சொல்றது? அழுதாங்கம்மா. அவ்ளோ சந்தோஷம். இப்ப கற்பூரம்லாம் காட்டறதில்ல. இனிமே உள்ளுக்குள்ள ஜோதிய பாருங்கனு சொல்லிட்டோம்."

அங்கே யாரோ இருமினார்கள், உன் ஜோடியாக இருக்கும். உன் குரல் உடனே மாறிவிட்டது. "தாயே, நம்பிக்கை எங்கே இருக்கிறதோ அங்கே லிங்கம் இருக்கிறது. பொறுப்பாளர் சுவாமி சொன்னார்."

அந்த இருமல் வரும்வரை பேசியது என் பையன். வெகுநாளைக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன். கேட்டதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. ஏனென்றால் ஏமாந்தவன் நீ இல்லை. உனக்குத் தெரியும். வெடித்துவிடும் என்றதும் கற்பூரத்தை நிறுத்தத் தெரிந்தது. நிறுத்தியதற்கு ஒரு தத்துவத்தை ஒட்டவைக்கத் தெரிந்தது. காணொளி இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது, நீயும் பௌர்ணமி தவறாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறாய்.

நீ எட்டாவது படிக்கும்போது, கோடை விடுமுறையில் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் நிலக்கடலைக் கடையில் அவருக்கு உதவியாக உட்கார்ந்திருந்தாய். விதை மல்லாட்டை வாங்க ஒரு விவசாயி வந்து, "இன்னா மொதலாளி, கொட்ட நல்லா மொளைக்குமா?" என்று கேட்டார். உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ, "அது போன வருசத்து கொட்டைங்க, பாதிதான் மொளைக்கும்" என்றாய். வந்தவர் மூட்டையைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், "உன் புள்ள உன் கடைய மூடாம உடமாட்டான் போ" என்று சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்த உன் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கத்தினார். "இனிமே இவன கடைப்பக்கம் அனுப்பாத!" "ஏன், இன்னா பண்ணான்?" "உண்மைய சொல்லிட்டான்!" கல்லாவில் கைவைத்துவிட்டான் என்பது போலத்தான் சொன்னார். அந்த மூட்டைகளைப் பிறகு எண்ணெய் ஆட்டக் கொடுத்துவிட்டார், திட்டிக்கொண்டே. அந்தக் கொட்டையை விதைத்திருந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு பருவம் போயிருக்கும். அது உன் அப்பாவுக்கும் தெரியும். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. யாரும் உனக்கு நம்பிக்கையைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை.

பொறுப்பாளர் சுவாமி சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். நம்பிக்கை இருக்கும் இடத்தில் லிங்கம் இருக்கும் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. கல்லைக் கும்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு குழாயைக் கும்பிடாதே என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? இது குழாய் என்று தெரிந்து ஒருவர் கும்பிட்டால் அது அவர் பாடு. குழாய் என்று உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்னும்போது, அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை. போன வருஷத்துக் கொட்டையை விற்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான். கொட்டை முளைக்காதபோது விவசாயிக்குத் தெரிந்துவிடும்.

ஹெல்கா இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காணொளியில் முன்வரிசையில் குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற வயதானவர் அவளுடைய பழைய அண்டைவீட்டுக்காரர், அந்த ஊருக்குப் பின்னால் குடிவந்தவர். மனைவி போன வருஷம் இறந்துபோனாள். சுடர் எழுந்தபோது அதில் அவளைப் பார்த்தேன் என்று ஹெல்காவுக்கு அப்போதே எழுதியிருக்கிறார். அது எங்கே எரிந்தது என்று அவர் எழுதவில்லை, அவளும் ஏதோ கோயில் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு பௌர்ணமியும் தவறவில்லையாம். உங்கள் காலுறை அனுமதியைக்கூட அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, உறைபனியில் வெறுங்காலோடு நடந்து விரல்கள் கறுத்துப்போய் மருத்துவரிடம் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சுற்றி முடித்ததும் உன்னிடம் வந்து, மறுபடி வருமா என்று கேட்கிறாராம். நீ பதில் சொல்லாமல் சிரிக்கிறாயாம். அந்தச் சிரிப்பில் ஏதோ பொருள் இருப்பதாக அவர் ஹெல்காவுக்கு எழுதுகிறார். ரயில் நிலைய வாசலில் பழகிய சிரிப்பு என்று நான் அவளிடம் சொல்லவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே என் பதில் இது. உங்கள் ஆட்களின் கேமராவுக்கு முன்னால் நான் உட்கார மாட்டேன். திரையில் அழுகிற தாய்மார்கள் வரிசையில் ஒருத்தி குறைந்தால் விழா நின்றுவிடாது. உனக்குத் துறவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கல்யாணம் பண்ணிக்கொள், பேரன் வேண்டும் என்று இங்கே யாரும் அழவும் இல்லை. உண்மையாகவே எல்லாவற்றையும் விட்டவர்கள் இரண்டொருவரை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்னால் என் படிப்பு எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. எனக்கு அருவருப்பாக இருப்பது நீ தரிக்கப் போகும் காவி இல்லை. அந்தப் பெரியவர் கேட்கும்போது நீ சிரிப்பதுதான்.

நீ அவரிடம் போக வேண்டும். ஜோடியை அழைத்துக்கொண்டு போகாதே, அனுமதியும் கேட்காதே. அது குப்பையிலிருந்து வந்த வாயு, நான் கொண்டுவந்த கற்பூரத்தால் பற்றிக்கொண்டது, இரண்டாம் நாளே எனக்குத் தெரியும் என்று அவர் மொழியில், உனக்குத் தெரிந்த அளவு வார்த்தைகளில் சொல். அவர் உன்னை வெளியே போகச் சொல்லலாம். கையில் இருப்பதை எடுத்து அடிக்கலாம், வாங்கிக்கொள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வந்துவிடாதே, கூடவே உட்கார். அருள் என்ற சொல்லை அங்கே எடுக்காதே. பிறகு மற்றவர்களுக்கும் சொல். சொன்ன பிறகும் அந்த மேட்டைச் சுற்ற யாராவது வந்தால் அவர்களோடு நீ தாராளமாக நட, எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. பொறுப்பாளர் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் வீடு இருக்கிறது. அனுப்பாமல், நீயும் இன்னும் காவிதான் வேண்டும் என்று சொன்னால், அன்றைக்கு எனக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டியதில்லை. மனமுவந்து கொடுத்தேன் என்று நீ கேட்கும்படி சொல்வேன், உனக்கு மட்டும். அதற்கு முன் சொல்ல மாட்டேன்.